கல்லைக் கண்டால் நாயைக் காணோம்: வாய்ப்புகள் ஏன் கண்ணில் படுவதில்லை?

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்." தெருநாயைத் துரத்தக் கல் தேடும் ஒருவனின் புலம்பலாகத்தான் இந்தப் பழமொழி எனக்கு ரொம்ப நாள் தெரிந்திருந்தது. பள்ளியில் தமிழய்யா ஒருநாள் வேறு விளக்கம் சொன்னார். கோயில் வாசலில் சிற்பி ஒருவன் கல்லில் நாய் செதுக்கி வைத்திருக்கிறான். அதை நிஜ நாய் என்று நினைத்துப் பதறி ஒதுங்குகிறவனுக்கு அது கல் என்பது தெரிவதில்லை. கிட்டே போய்த் தடவிப் பார்த்து, "அட, என்ன வழவழப்பான கல்" என்று வியக்கிறவனுக்கு நாய் மறைந்துபோகிறது. எது மூலப் பொருள் என்ற சண்டையை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். எதிரே நிற்பது ஒரே பொருள். பார்க்க வந்தவன் மனசில் என்ன கேள்வியோடு வந்தான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வந்து விழும் பொன்மொழிகளில் பாதி இதையே வேறு மாதிரி சொல்கின்றன: எண்ணத்தை மாற்று, வாய்ப்பு தேடி வரும். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, நிறையக் காற்றும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் என் கதை. ஒரே தெருவில் நாலு வருஷம் வாடகைக்கு இருந்தேன். "இந்தத் தெருவில் வீடே காலியாகாது" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்வேன். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது பார்க்கிறேன், பத்து வீட்டுக்குள் மூன்று டூ-லெட் போர்டு தொங்குகிறது. அதில் ஒன்று வெயிலில் வெளுத்துப் பாதி எழுத்து அழிந்துபோயிருந்தது. மாதக்கணக்கில் அங்கேயே தொங்கியிருக்க வேண்டும். தினமும் இரண்டு தடவை அதைக் கடந்து போனவன் நான். புது ஸ்கூட்டர் வாங்கியவர்களும் இதைத்தான் சொல்வார்கள். அதுவரை கண்ணில் படாத அந்த வண்டி, வாங்கிய மறுநாளிலிருந்து எல்லா சிக்னலிலும் நிற்கும்.

நடந்தது இதுதான். கண்ணும் காதும் ஒவ்வொரு நொடியும் கொண்டுவந்து கொட்டுவதை எல்லாம் மூளையால் உட்கார்ந்து பார்க்க முடியாது. வாசலில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு யார் வருவார்கள் என்று நாம் சொல்லி வைத்திருக்கிறோமோ, அவர்களை மட்டும் மேலே அனுப்புவார். மற்றவர்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். வந்து போனதைக்கூட நமக்குச் சொல்லமாட்டார். சில பேர் நிரந்தரப் பட்டியலில் இருப்பார்கள். கல்யாண மண்டபத்து இரைச்சலில் யாரோ நம் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்புகிறோம் அல்லவா, அது அந்தப் பட்டியல். அதுவும் எப்போதும் வேலை செய்வதில்லை. ஒரு காதில் ஒலிக்கும் பேச்சை மட்டும் கவனிக்கச் சொல்லி, மறு காதில் அவரவர் பெயரையே ஒலிக்கவிட்டு 1959-ல் நெவில் மோரே என்ற உளவியலாளர் சோதித்தார். பெயர் ஒலித்ததைக் கவனித்தவர்கள் மூன்றில் ஒருவர் போலத்தான்.

இதைப் பற்றிய புகழ்பெற்ற சோதனை 1999-ல் வெளிவந்தது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சின்ன வீடியோ எடுத்தார்கள். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஓர் அணி, கறுப்புச் சட்டைக்காரர்கள் இன்னோர் அணி. அணிக்கொரு பந்து வைத்துத் தங்களுக்குள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். வெள்ளை அணி எத்தனை தடவை பந்தைக் கைமாற்றுகிறது என்று எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் நிதானமாக உள்ளே வந்து, கேமராவைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்காட்டிவிட்டு, மறுபக்கமாகப் போகிறார். எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கொரில்லாவைப் பார்க்கவே இல்லை. திரும்பப் போட்டுக் காட்டியபோது, இது வேறு வீடியோ என்று சாதித்தவர்களும் உண்டு.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் போய்ச் சேரவில்லை. கறுப்பு அணியை எண்ணச் சொன்னபோது கொரில்லாவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை கூடியது. கொரில்லாவும் கறுப்பு, அவ்வளவுதான். நாம் தேடுவதோடு கொஞ்சம் ஒத்துப்போகிற எதிர்பாராத பொருள் உள்ளே நுழைந்துவிடுகிறது. ஒத்துப்போகாதது வாசலிலேயே நிற்கிறது. கண்ணோட்டம் என்று நாம் பொதுவாகச் சொல்வது இந்த இடத்தில் ரொம்பக் குறிப்பான ஒன்றாகிவிடுகிறது: இந்த நிமிஷம் எந்த நிறத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்?

அனுபவம் வந்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். 2013-ல் டிராஃப்டன் டிரூவும் கூட்டாளிகளும் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சிடி ஸ்கேன்களைக் கொடுத்துப் புற்றுநோய்க்கான சிறு முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு ஸ்கேனில் கொரில்லாப் படம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். வழக்கமான முடிச்சைப்போல 48 மடங்கு பெரிய படம். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. கண் எங்கே போகிறது என்று பதிவு செய்யும் கருவியைப் பார்த்தால், அவர்களில் பெரும்பாலோருடைய பார்வை நேராகக் கொரில்லா மேலேயே விழுந்திருந்தது. திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. முடிச்சைத் தேடுவதில் தேர்ந்தவர்கள் அவர்கள், முடிச்சைத்தான் தேடினார்கள்.

சரி, கண்ணில் படாதது ஒரு வகை. கண்ணில் பட்டும் வேறு வழி தோன்றாமல் போவது இன்னொரு வகை. இதற்கு ஆபிரகாம் லூச்சின்ஸ் என்ற உளவியலாளர் 1942-ல் வெளியிட்ட தண்ணீர்க் கணக்குகள் நல்ல உதாரணம். நம் வீட்டுப் பாத்திரங்களிலேயே போட்டுப் பார்ப்போம். குடத்தில் 21 லிட்டர் பிடிக்கும், அண்டாவில் 127, சொம்பில் 3. சரியாக 100 லிட்டர் தண்ணீர் வேண்டும். அண்டாவை நிரப்பி, அதிலிருந்து ஒரு குடம் எடுத்து, இரண்டு சொம்பும் எடுத்துவிட்டால் 100 மிஞ்சும். இதே வழியில் தீரக்கூடிய கணக்குகளை வரிசையாகச் சிலவற்றைக் கொடுத்துவிட்டு, அடுத்து இதைக் கொடுப்பார்: குடம் 23, அண்டா 49, சொம்பு 3, வேண்டியது 20.

பழகிய கை உடனே அண்டாவைத் தூக்கும். 49-லிருந்து 23, பிறகு இரண்டு 3. விடை சரிதான். ஆனால் குடத்திலிருந்து ஒரு சொம்பு எடுத்தாலே 20 வந்துவிடுகிறது. முதல் கணக்குகளைப் போடாமல் நேராக இங்கே வந்தவர்கள் சுலபமான வழியைத்தான் பிடித்தார்கள். பழகியவர்களில் பெரும்பாலோர் சுற்றுவழியிலேயே போனார்கள். எனக்கு இதில் பிடித்தது, சுற்றுவழி தப்பில்லை என்பது. தப்பான வழி என்றால் எங்காவது முட்டிக்கொண்டு நிற்போம், யோசிப்போம். வேலை செய்கிற வழி, பக்கத்திலிருக்கும் நல்ல வழியைச் சத்தமில்லாமல் மறைத்துவிடுகிறது. பத்து வருஷமாக ஒரே மாதிரி கடை நடத்துகிறவர், ஒரே மாதிரி பாடம் எடுக்கிறவர், ஒரே மாதிரி குழம்பு வைக்கிறவர் எல்லோரும் இந்த அண்டாவைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறோம்.

விஞ்ஞானிகளும் தப்புவதில்லை. 1890 பிப்ரவரி 22 அன்று பிலடெல்பியாவில், பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்தர் குட்ஸ்பீடும் வில்லியம் ஜென்னிங்ஸ் என்ற புகைப்படக்காரரும் மின்சாரத் தீப்பொறிகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் குட்ஸ்பீட் விருந்தாளிக்குத் தன் ஆய்வகத்துக் குரூக்ஸ் குழாய்களை (காற்றை நீக்கி மின்சாரம் பாய்ச்சும் கண்ணாடிக் குழாய்கள்) எரியவிட்டுக் காட்டினார். பக்கத்தில் புகைப்படத் தகடுகளும் அவற்றின் மேல் நாணயங்களும் கிடந்தன. பிறகு கழுவிப் பார்த்தபோது ஒரு தகட்டில் காரணம் புரியாத இரண்டு வட்டங்கள். ஏதோ கெட்டுப்போன தகடு என்று எடுத்து வைத்துவிட்டார்கள். 1895 கடைசியில் வில்ஹெல்ம் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களை அறிவித்த பிறகுதான் அந்தத் தகட்டைத் தேடி எடுத்தார்கள். அது நாணயங்களின் எக்ஸ்ரே படம். ஆறு வருஷம் அலமாரியில் கிடந்திருக்கிறது. ரான்ட்கனுக்கு 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு. கண்டுபிடித்த பெருமை எதையும் தான் கோரவில்லை என்று குட்ஸ்பீட் கண்ணியமாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். தகடு அவரிடம் இருந்தது, கேள்வி இல்லை.

இனி, எனக்கு இந்த விஷயத்தில் ரொம்பப் பிடித்த ஆய்வுக்கு வருகிறேன். கொரில்லாவைவிட இது பத்து மடங்கு பயனுள்ளது. ஏனோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இந்தோனேசியாவில், பாலித் தீவுக்குப் பக்கத்தில் நுசா பெனிடா என்று ஒரு தீவு. ஆய்வு நடந்தபோது அங்கே பலருடைய பிழைப்பு கடற்பாசி வளர்ப்பு. பாசியைத் துண்டு துண்டாக எடுத்துக் கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டி, ஆழமில்லாத கடலில் விடுவார்கள். சில வாரங்களில் வளர்ந்ததும் அறுத்து, காயவைத்து, வியாபாரியிடம் விற்பார்கள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் காராஜீனன் இந்த மாதிரிப் பாசியிலிருந்துதான் வருகிறது. ராமநாதபுரம் கடற்கரையிலும் கயிறு கட்டிப் பாசி வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு வருஷத்துக்குப் பல போகம். பல வருஷ அனுபவம். அப்படியென்றால் எப்படிக் கட்டினால் அதிகம் விளையும் என்பது அத்துபடியாக இருக்க வேண்டும். ரேமா ஹன்னா, செந்தில் முல்லைநாதன், ஜோஷுவா ஷ்வார்ட்ஸ்டைன் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூன்று பேரும் போய்க் கேட்டார்கள். முடிச்சுக்கு முடிச்சு எவ்வளவு இடைவெளி, கயிறு எவ்வளவு நீளம், எத்தனை நாளில் அறுப்பு என்று கேட்டால் டக் டக்கென்று பதில் வந்தது. கட்டும் துண்டு என்ன எடை என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. என்ன எடை இருந்தால் நல்லது என்பதும் தெரியவில்லை. அது ஒரு கேள்வி என்றே அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஆய்வாளர்கள் அந்த விவசாயிகளின் சொந்த இடத்திலேயே, வெவ்வேறு எடையுள்ள துண்டுகளைக் கட்டிச் சோதித்தார்கள். துண்டின் எடை விளைச்சலைப் பாதித்தது. அதைச் சரிசெய்தால் வருமானம் கூடும் என்று தெரிந்தது. இந்தச் சோதனையில் விவசாயிகளும் கூட இருந்தார்கள், எல்லாம் அவர்கள் கண் முன்னாலேயே நடந்தது. முடிந்த பிறகு பார்த்தால், துண்டு கட்டும் முறையை அவர்கள் மாற்றிக்கொள்ளவில்லை. பிறகு ஆய்வாளர்கள், இந்த எடைக்கு இவ்வளவு வருமானம் என்று சுருக்கமாக எழுதி, துண்டின் எடையைச் சுட்டிக்காட்டிக் கொடுத்தார்கள். அப்புறம்தான் மாற்றினார்கள். 2014-ல் வெளிவந்த இந்த ஆய்வை நான் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சோம்பேறித்தனமோ படிப்பில்லாமையோ இதற்குக் காரணமில்லை. தகவல் ஒவ்வொரு போகத்திலும் அவர்கள் கையிலேயே இருந்தது. எதைக் கவனிக்க வேண்டும் என்ற பட்டியலில் துண்டின் எடை இல்லை. பட்டியலில் இல்லாததை எத்தனை வருஷ அனுபவமும் கற்றுக்கொடுக்காது.

நம்மிடமும் இப்படி ஒரு "துண்டின் எடை" இருக்கும். என்ன என்று உட்கார்ந்து யோசித்தால் வராது, அதுதான் தொல்லை.

இதுவரை படித்துவிட்டு, "சரி, கவனத்தைத் திருப்பினால் எல்லாம் கிடைக்கும், வாய்ப்பைத் தவறவிடுகிறவர்கள் மனசைச் சரியாக வைக்காதவர்கள்" என்று யாராவது முடிவு கட்டினால், அவர்களை விழுப்புரம் பக்கம் அழைத்துப் போக விரும்புகிறேன்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சுற்றிய 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஆனந்தி மணி, எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் சாவ், மேலே சொன்ன அதே செந்தில் முல்லைநாதன் ஆகியோர் 2013-ல் வெளியிட்டார்கள். கரும்பில் பெரிய பணம் வருஷத்துக்கு ஒரு தடவைதான், வெட்டிய பிறகு. எல்லோருக்கும் ஒரே மாதத்தில் கட்டிங் ஆர்டர் கிடைக்காது. ஆலை அரைக்க அரைக்கத்தான் வெட்டு நடக்கும். அதனால் ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், பக்கத்து வயல்காரர் கடனில் தவித்துக்கொண்டிருப்பார். ஆய்வுக்கு இது ரொம்ப வசதி. பருவமோ வெயிலோ காரணம் என்று சொல்ல முடியாது. வெட்டுக்கு முன்னால் நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். வெட்டுக்குப் பிறகு அது 4 ஆகக் குறைந்தது.

அதே விவசாயிக்கு, வெட்டுக்கு முன்னாலும் பின்னாலும், சில சின்னச் சோதனைகள் வைத்தார்கள். ஒன்று இப்படி: 5 5 5 என்று காட்டினால், எத்தனை எண் இருக்கிறது என்று பார்த்து "மூன்று" என்று சொல்ல வேண்டும். வாயில் ஐந்து என்றுதான் வரும், அதை அடக்க வேண்டும். வெட்டுக்குப் பிறகு அதே ஆள் வேகமாகவும் தப்பு குறைவாகவும் பதில் சொன்னார். கையில் காசில்லாத மாதங்களில் மூளையின் ஒரு பகுதி சதா வட்டிக்கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறது, மிச்சம்தான் மற்றதற்கு. இந்த ஆய்வு முடிவுகளை எவ்வளவு தூரம் நீட்டலாம் என்று ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் தீர்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. ஆக, மனநிலை வாய்ப்பைத் தீர்மானிக்கிறது என்று சொல்லும்போது, அந்த மனநிலையை எது தீர்மானித்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அடகுச் சீட்டுக்குத் தவணை நெருங்கும் ஆளிடம் போய் "பாசிட்டிவாக யோசி" என்பதைவிட, அந்தத் தவணையைத் தள்ளி வைக்க உதவுவது மேல்.

அதேபோல, "நான் அதிர்ஷ்டக்காரன்" என்று நினைப்பவர்களுக்குத்தான் வாய்ப்பு கண்ணில் படும் என்பதற்கு உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மனின் செய்தித்தாள் சோதனையை எல்லோரும் காட்டுவார்கள். படங்களை எண்ணச் சொல்லிவிட்டு, இரண்டாம் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "எண்ணுவதை நிறுத்துங்கள், இதில் 43 படங்கள் இருக்கின்றன" என்று அச்சிட்டிருந்தார். தங்களை அதிர்ஷ்டக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் அதைச் சட்டென்று பார்த்தார்களாம். சுவையான கதை; நான் அதன் மேல் பெரிய வீடு கட்டமாட்டேன். வளர்ச்சி மனப்பான்மை பற்றி உளவியலாளர் கரோல் டுவெக் சொன்னது இன்னும் ஒழுங்காகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. அறிவு பயிற்சியால் வளரும் என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் கணினியில் சொல்லிக்கொடுத்து, சுமார் 12,000 அமெரிக்க ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. மதிப்பெண் குறைவாக வாங்கும் மாணவர்களுக்குச் சராசரியில் 0.1 புள்ளி கூடியது. அங்கே இந்தச் சராசரியை நூற்றுக்கு அல்ல, ஏறக்குறைய 4 புள்ளிக்குத்தான் கணக்கிடுவார்கள். ஒரு மணி நேரச் செலவுக்கு நல்ல வரவுதான். ஆனால் வாழ்க்கையே புரண்டுவிடும் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த 0.1-ஐச் சொல்வதில்லை.

அப்படியானால் என்னதான் செய்வது? "விழிப்பாக இரு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதால் கொஞ்சம் பலன் உண்டு. லூச்சின்ஸ் தன் கணக்குகளின் நடுவில் "குருடாக இருக்காதே" என்று தாளில் எழுத வைத்துப் பார்த்தார். சிலர் விழித்துக்கொண்டார்கள், சிலர் அதையும் எழுதிவிட்டு அண்டாவையே தூக்கினார்கள். அதைவிட நல்லது, வாட்ச்மேனிடம் இருக்கும் பட்டியலை வெளியே இருந்து மாற்றுவது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரைக் கூப்பிட்டு ஒருநாள் உட்காரவைத்து, அவர் கேட்கிற முட்டாள்தனமான கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லலாம். "துண்டு என்ன எடை?" என்பதும் அப்படிப்பட்ட கேள்விதான். இன்னொன்று, எழுதி வைப்பது. நினைவும் அதே வாட்ச்மேனின் ஆள்தான், அவர் அனுப்பியதை மட்டும் வைத்திருக்கும். தாளுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது.

எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி இதை எந்த ஆய்வும் படிக்காமல் செய்கிறார். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நாற்பது பக்க நோட்டு. அதில் வரவும் இல்லை, கடனும் இல்லை. யாராவது ஒரு பொருள் கேட்டு இவர் "இல்லை" என்று சொன்னால், அந்தப் பொருளின் பெயரை எழுதி ஒரு கோடு போடுவார். மறுபடி யாராவது கேட்டால் இன்னொரு கோடு. மாசக் கடைசியில் கோடுகளை எண்ணுவார், அவ்வளவுதான். விற்றதை எல்லாக் கடைக்காரரும் கணக்கு வைப்பார்கள். விற்காததைக் கணக்கு வைப்பவரை நான் இங்கேதான் பார்த்தேன்.

போன ஆடியில் அந்த நோட்டில் பூனைச் சாப்பாட்டுக்குப் பதினாலு கோடு விழுந்திருந்தது. அண்ணாச்சிக்கு நம்பிக்கையில்லை. "பூனைக்கு யாராச்சும் காசு குடுத்து சோறு வாங்குவாங்களா?" என்றார். இருந்தாலும் கோடு கோடுதானே என்று ஓர் அட்டைப்பெட்டி எடுத்து வைத்தார். ஒரு வாரத்தில் தீர்ந்துபோனது. இப்போது ஷாம்பு சாஷேக்களுக்குக் கீழே அதற்கென்று தனித் தட்டு. நேற்று சாயங்காலம் கடைக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டு மதில் மேல் படுத்திருந்த இரண்டு பூனைகளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "ஏன் தம்பி, இத்தன பூனை நம்ம தெருவுக்கு எப்ப வந்துச்சு?"